கப்டனுக்கு மரக்கறிச் சாப்பாடு

கல்யாணமாகித் தெல்லிப்பழைக்கு வந்த நாள் முதல் எனக்கு இரண்டு மாமனார். ஒருவர் வீட்டில் இருந்தார். மற்றவர் நூறு வருசத்துக்கும் முன்னமே அமெரிக்காவில் செத்துப்போனவர்.

என் கணவரின் பாட்டனார் மிஷன் பள்ளிக்கூடத்தில் படிக்க ஓர் அமெரிக்கக் குடும்பம் செலவு கொடுத்தது. அந்தக் காலத்து வழக்கப்படி அவர்களின் முன்னோரான ஒரு கப்டனின் பெயரையே பையனுக்கு வைத்தார்கள்: ஹோர்ன்பி. பெயரோடு அவருடைய கதையையும் பாதிரியார் சொல்லிக் கொடுத்தாராம். பாட்டன் பெயர் பேரனுக்கு என்று இவருக்கும் அதுவே வந்தது. பெயர் வந்தால் உறவும் வந்துவிடுமா? இவருக்கு வந்துவிட்டது.

கப்டன் ஹோர்ன்பியின் கதை எனக்கே தலைகீழ்ப் பாடம். எல்லைக் காட்டில் உழுதுகொண்டிருந்தவர், குடியேறியவர்களின் காவல் படைக்குத் தலைவரானார். ஆற்றங்கரையில் மரக்கோட்டை கட்டினார். மேலிடத்து உத்தரவுப்படி செவ்விந்தியரின் சோள வயல்களை எரித்தார். அந்தக் குளிர்காலத்தில் அவர்களின் பிள்ளைகள் பட்டினி கிடந்ததைக் கண்டபின் சாகும்வரை சோளம் தொடவில்லை. என் கணவரும் சோளம் தொடமாட்டார்.

வருசா வருசம் கப்டன் இறந்த நாளில் எங்கள் வீட்டில் செபக்கூட்டம். அயலில் சைவர்கள் திவசத்துக்குச் சமைப்பதைப் பார்த்து, மரக்கறிச் சமையல்தான் வேண்டும் என்பார் இவர். மான் சுட்டுத் தின்ற மனுசனுக்கு வாழைக்காய்க் கறி! பாதிரியாருக்கு இதெல்லாம் பிடிக்காது, ஆனால் சாப்பிட வந்துவிடுவார்.

"நேசம்மா, அந்தக் கல்லறையை ஒருக்காத் தொட்டிட்டனெண்டாப் போதும்," என்பார் இவர். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போகவே பஞ்சிப்பட்டுச் சோம்பி நிற்கிற மனுசன். சிரிப்பேன். ஆனாலும் அந்தக் குரலில் இருந்த ஏக்கம் எனக்கு வலிக்கும்.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்துநாலாம் ஆண்டு, கப்டனின் நேர் வாரிசான மிஸ் ஹோர்ன்பி எங்கள் ஊர் மிஷன் பள்ளிக்கூடத்தைப் பார்க்க வந்தார். இவர் விடுவாரா? நினைவு நாளுக்கு வீட்டுக்கே அழைத்துவிட்டார். அன்று புது வேட்டி, சால்வை.

"எங்கடை ஆக்கள் எண்டு அவ ஒரு வார்த்தை சொன்னாப் போதும்," என்று குசினிக்குள், அடுப்படிக்கே வந்து என்னிடம் சொன்னார்.

சாப்பாடு வைத்ததும் இவர் ஆங்கிலத்தில் கேட்டார், கப்டனின் கல்லறை எங்கே என்று.

"எந்தக் கப்டன்?" என்றார் மிஸ்.

இவர் முழுக்கதையும் சொன்னார். மிஸ் சோற்றில் கை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, தங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்ததே யாருக்கும் தெரியாது, கல்லறையைப் பற்றி யாரும் பேசியதுகூட இல்லை என்றார். போர்டிங்கில் படித்த ஆங்கிலம் எனக்குப் போதும். இந்த மனுசன் இனி எப்படித் தாங்குவார்?

இவர் மிஸ்ஸைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். கண் நிறைந்திருந்தது.

"பாவமப்பா, நேசம்மா. அந்த மனுசனுக்கு எங்களை விட்டா ஒருத்தரும் இல்லை."