சவப்பெட்டியின் மேல் கோழிக்குஞ்சு

தங்கை மாரிசெலின் சவப்பெட்டிக் கண்ணாடிமேல் நெனித்தா கோழிக்குஞ்சை விட்டதும், துக்கத்துக்குக் கண்விழிக்க வந்து முற்றத்தில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள்.

“அடிப்பாவி! கொலை விழுந்த வீட்லதானே குஞ்சு விடுவாங்க? இவ கிட்னி போயில்ல செத்தா!” என்று பதறினாள் எஸ்தர் அத்தை.

“இதுவும் கொலைதான் அத்தை. அது கொத்துற ஒவ்வொரு கொத்தும் கொன்னவ நெஞ்சுல விழட்டும்.”

யாரைச் சொல்கிறாள் என்று தெருவுக்கே தெரியும். சித்தி மகள் ஜோவிதா அழகு நிலையம் வைத்திருக்கிறாள். கல்யாணத்துக்குள் சிவப்பாகிவிட வேண்டுமென்று மாரிசெல் அவளிடம்தான் போய்ப் போய்க் கையை நீட்டினாள். நரம்பில் மருந்தேற்றினால் நிறம் வருமாம். வந்ததும் உண்மைதான். ஆனால் அப்படி ஏறிய ஏதோ ஒன்றுதான் சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டது என்றார் மருத்துவர். ஜோவிதாவோ வெறும் வைட்டமின் என்று சாதித்தாள். வைட்டமினாவது மண்ணாவது! தெரிந்தேதான் போலிச் சரக்கை ஏற்றியிருக்கிறாள். அதை அவள் வாயாலேயே சொல்ல வைக்காமல் விடுவதில்லை என்று நெனித்தா காத்திருந்தாள்.

மாலையில் ஜோவிதா வந்தாள். இந்தப் புழுக்கத்தில் முழுக்கைச் சட்டை எதற்கு? கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. அழுதாளாம்! நல்ல நடிப்பு. கோழிக்குஞ்சைப் பார்த்தும் அவள் முகம் மாறவில்லை. பெட்டியோரம் கிடந்த அரிசியை எடுத்து அதற்குப் போட்டாள். நெனித்தா அவள் எதிரே போய் நின்றாள்.

“என் தங்கச்சிக்கு என்னத்தைடி ஏத்துன?”

“எனக்குப் போட்டுக்கிட்ட அதே பாட்டில்தான்க்கா. ஆளுக்குப் பாதி.” ஜோவிதா சட்டைக்கையை மேலே தள்ளினாள். முழங்கை மடிப்பில் ஊசித் தடங்கள் நீலம் பாய்ந்திருந்தன. “கொஞ்சம் உக்காந்துக்கட்டுமா? நிக்க முடியல” என்று பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அப்போதுதான் நெனித்தா கீழே பார்த்தாள். ஜோவிதா புருஷனின் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். பாதம் அதிலும் பிதுங்கியது. நெனித்தா குனிந்து அதைக் கட்டைவிரலால் அழுத்தினாள். விழுந்த குழி மேலெழவே இல்லை. மாரிசெலுக்கும் முதலில் இப்படித்தான் இருந்தது.

“மூத்திரம் போகுதாடி?”

“ரெண்டு நாளா சரியா இல்லக்கா. யார்ட்ட சொல்றது? என்னையத்தான் எல்லாரும்...”

நெனித்தா அவளை எழுப்பி, அவள் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

“யாராவது வண்டிய எடுங்க! ஆஸ்பத்திரிக்குப் போகணும்!”

எஸ்தர் அத்தை குறுக்கே வந்தாள். “வேற யாராச்சும் கூட்டிட்டுப் போகட்டும். துக்க வீட்டுக்காரி வந்தவள வழியனுப்பக் கூடாதுடி, இன்னொரு சாவு விழும்!”

“தள்ளிக்கோங்க அத்தை” என்ற நெனித்தா, ஜோவிதாவைத் தாங்கிக்கொண்டு வாசலைத் தாண்டினாள்.