பாதி விலைக் கரண்டும் எதிர்க் கட்டடமும்

நடுப்பகலில் கரண்ட் பாதி விலை என்று அறிவித்த நாளிலிருந்து, எங்கள் வீட்டில் மற்ற நேரங்களில் மிக்ஸிகூட வாய் திறக்கவில்லை. அது என் உத்தரவு. கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்த என் மனைவி, "நாலு மிளகு அரைக்கக்கூட உங்ககிட்ட நேரம் கேட்கணுமா? நான் தங்கச்சி வீட்டுக்குப் போறேன்" என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

தங்கச்சி வீடு எதிர்க் கட்டடத்தில், எங்களைப் போலவே மூன்றாம் மாடி. நடுவில் இரண்டு லாரி தாராளமாகப் போகும் தெரு. பால்கனியில் நின்றால் அவள் துணி காயப்போடுவது தெரியும், முகம் தெரியாது. நானாகப் போய்க் கூப்பிட்டால் மச்சினி ஆயுசுக்கும் சொல்லிச் சிரிப்பாள். போகவில்லை. பால்கனியிலேயே நின்றேன்.

பொழுது போகாமல் எங்கள் கட்டடம் முழுக்கப் பாதி விலையைப் பிரசாரம் செய்தேன். எல்லா வீட்டு வாஷிங் மெஷினும் ஒரே நேரத்தில் துணி பிழிய ஆரம்பித்ததும், கட்டடம் குளிர்ஜுரம் கண்டதுபோல நடுங்கியது. நடுங்கி நடுங்கி முன்னால் நகர்ந்தது. வாட்ச்மேன்தான் முதலில் பார்த்தார்.

"சார், நம்ம கேட்டு தெருவுக்கு வந்துடுச்சு!"

"சத்தம் போடாதய்யா. நல்லாத்தானே போகுது."

தெருவில் ஒரு லாரிக்குத்தான் இடம் இருந்தது. பிறகு சைக்கிளுக்கு மட்டும். அவள் மூக்குக்கண்ணாடியை ஊதித் துடைப்பது தெரிந்தது. ஒருநாள் அவள் போடும் சோப்பு வாசனையே வந்தது. இன்னும் ரெண்டு தடவை துவைத்தால் கையைப் பிடித்துவிடலாம்.

அப்போது பார்த்து மச்சினிக்குப் பாதி விலை விஷயம் எட்டியது. மறுநாள் அவர்கள் கட்டடமும் நடுங்கி, அதே திசையில் கிளம்பிவிட்டது. நாங்கள் ஒரு அடி வைத்தால் அது இரண்டு அடி வைத்தது. சோப்பு வாசனை போயிற்று. மூக்குக்கண்ணாடியும் மறைந்தது.

"ஏங்க!" பால்கனியிலிருந்து கத்தினாள். "கட்டடத்தையே நகர்த்தத் தெரியுது, செருப்பை மாட்டிக்கிட்டு நடந்து வரத் தெரியாதா?"

"உன் தங்கச்சி சிரிப்பாளே!"

"அவ இப்பவே சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கா. வாங்க!"

இறங்கி ஓடினேன். ஓட ஓட எதிர்க் கட்டடம் விலகிக்கொண்டே போனது. மூச்சு முட்டி, நடுத்தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தேன். பால்கனியில் அவளைக் காணோம்.

கரண்ட் பாதி விலையில் கொழித்துக்கொண்டிருந்த நேரம். மூன்றாம் மாடியில் ஒரு மெஷின் நின்றது. அப்புறம் பக்கத்து வீட்டு மெஷின்.

"நிறுத்துங்கம்மா, எங்க வீட்டுக்காரர் வந்துக்கிட்டு இருக்காரு."

கதவு கதவாகத் தட்டி அதையே சொல்லிக்கொண்டு அந்தக் குரல் மாடி மாடியாக இறங்கி வந்தது.