தொட்டிக்குள் ஹெலிகாப்டர்

இன்பசேகரனுக்குப் பெரிதாக மூளை இருப்பதாக ரெனிட்டா எந்த நாளும் நம்பியதில்லை. அவர் ஒரு பொம்மை ஹெலிகாப்டரைக் கொண்டுவந்து லேப் மேசைமேல் வைத்த அன்று, இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் தீர்ந்தது.

ஆம்பூரில் இருந்த அந்தத் தோல் தொழிற்சாலைக்கு அவர் மேனேஜர். அவள் கழிவுநீர் லேபில் கெமிஸ்ட். காட்பாடியிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிறவள். 2008-ல் கழிவுநீர்த் தொட்டிக்குள் சேறு அள்ள இறங்கிய ஒருவர் மயங்கிச் சரிந்தார். கயிறு போட்டுத் தூக்கியதில் பிழைத்துக்கொண்டார். சேதி எப்படியோ ஜெர்மனிக்குப் போய்ச் சேர்ந்தது. தோல் வாங்கும் கம்பெனி கடிதம் எழுதியது. உள்ளே இருக்கும் வாயுவை அளக்க மீட்டர், நல்ல காற்றை அடிக்க ப்ளோயர், இடுப்பில் கட்டக் கயிறு. இவை இல்லாமல் தொட்டிக்குள் யாரும் இறங்கக் கூடாது. அடுத்த மார்ச்சில் எங்கள் ஆள் நேரில் வந்து பார்ப்பார்.

இவற்றை வாங்கச் சொல்லி ரெனிட்டா மூன்று முறை எழுதிக் கொடுத்தாள். மேனேஜர் வாங்கி வந்தது இந்த ஹெலிகாப்டரை.

"ஆளே எறங்க வேணாம்மா. ஒரு சின்ன கேமராவ கட்டி உள்ள வுட்டா, எல்லாம் படமா வந்துடும். எப்பிடி என் ஐடியா?"

"நல்லா இருக்குது சார். சேற யாரு அள்ளுவாங்க? இதுவேவா?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். கிண்டல் தன்மேல்தான் என்று தெரியாமல் சிரிக்கிறவர்களிடம் மேற்கொண்டு பேசி என்ன பயன்? "நீ படிச்ச பொண்ணு. நீயே ஓட்டக் கத்துக்கோ. மூணு வாரம் டைம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பச்சைத்தோல் அடுக்கும் குடோன் ஒன்று அப்போது காலியாகக் கிடந்தது. முதல் நாள் ஹெலிகாப்டர் ஜிவ்வென்று மேலே போய் உத்திரத்தில் இடித்து, இறக்கை முறிந்து காலடியில் விழுந்தது. கூட வந்த காகிதத்தில், இளம் வெயிலில் மகிழ்ச்சியோடு பறக்கவிடுங்கள் என்பதுபோல் ஏதோ அச்சடித்திருந்தார்கள். அதைக் கசக்கிப் போட்டுவிட்டு அவளே கற்றுக்கொண்டாள்.

தரையில் சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டாள். அதற்குமேல் முழங்கால் உயரத்தில் அதை அசையாமல் நிறுத்தவே நாலு நாள் பிடித்தது. சுவர் பக்கத்தில் போனால், அது கிளப்பும் காற்றே சுவரில் பட்டுத் திரும்பி வந்து அதைத் தள்ளியது. கூரைக்குக் கிட்டே போனால் மேலே இழுத்துக்கொண்டது. அதன் மூக்கு அவளைப் பார்த்துத் திரும்பிவிட்டால் இடது வலதாகி, வலது இடதாகிவிடும். அந்தக் குழப்பம் போக ஒரு வாரம் ஆனது. சிலதைத் தனக்குத்தானே சட்டமாக்கிக்கொண்டாள். பறக்கும்போது குடோனுக்குள் வேறு ஆள் கூடாது. கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் ரிமோட்டைத் தொடக் கூடாது. பேட்டரி ஏழு நிமிடம் வரும் என்றாலும் ஐந்தில் இறக்கிவிட வேண்டும். கைமீறிப் போனால் காப்பாற்றப் பார்க்காமல் மோட்டாரை நிறுத்திவிட வேண்டும், உடைந்தால் உடையட்டும்.

மூன்றாவது வாரம், தண்ணீர் இல்லாத ஒரு பழைய தொட்டிக்குள் இறக்கி, நாலு மூலையும் சுற்றவிட்டு, நாலடிச் சதுர வாய் வழியாகவே மேலே எடுத்தாள். அந்த நேரத்தில் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்படி இருந்ததற்காகத் தன்மேலேயே எரிச்சலும் வந்தது.

சாப்பாட்டு நேரத்தில் இருதயராஜ் வந்து வாசலில் நின்று பார்ப்பார். கழிவுநீர்த் தொட்டியில் இறங்குகிறவர் அவர்தான்.

"இன்னாம்மா, என் வேலைக்கு வேற ஆள் எடுத்துட்டீங்களா?"

"கம்முனு இருங்கண்ணா. போன வருஷம் ஒருத்தர் விழுந்தாரு, தெரியுமில்ல?"

"அவன் புதுசு. நமக்குப் பழக்கம். ஒண்ணும் ஆவாது."

விஷ வாயு பழக்கப்பட்ட ஆளைப் பார்த்து ஒதுங்கிப் போகும் என்று நம்புகிற இந்த வீரமும் அவளுக்கு மேனேஜரின் ஐடியாவைப் போலத்தான் பட்டது. இருதயராஜ் சம்பளத்துக்கு மேல் நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு இறங்குகிறார், மேனேஜர் ஏசி அறையில் உட்கார்ந்து இறக்குகிறார். வித்தியாசம் அவ்வளவுதான்.

சோதனைக்கு வந்தவர் டோரதி. ஜெர்மன் கம்பெனியின் சென்னை அலுவலகத்தில் வேலை, ஐம்பது வயதிருக்கும், பட்டுப்புடவைக்குக் கீழே கனத்த சேஃப்டி ஷூ போட்டிருந்தார். அவரை ஆபீசில் டீ குடிக்க உட்கார வைத்துவிட்டு இன்பசேகரன் கழிவுநீர்த் தொட்டிக்கு ஓடிவந்தார். ரெனிட்டாவும் இருதயராஜும் ஹெலிகாப்டரோடு அங்கே நின்றிருந்தார்கள். மூடியைத் திறந்து போட்டிருந்தார்கள். அழுகின முட்டை நாற்றம் குப்பென்று அடித்தது.

"இதுல வேணாம் சார். வாயு இருக்கற எடத்துல மோட்டார ஓட்டினா, ஒரு பொறி போதும், பத்திக்கும். காஞ்ச தொட்டியில காட்டலாம்."

"காஞ்ச தொட்டிய பாக்கவா அவங்க மெட்ராஸ்லேர்ந்து வந்தாங்க? குடு இப்பிடி. இதுல இன்னா பெரிய வித்தை இருக்குது?"

கையிலிருந்து ரிமோட்டைப் பிடுங்கினார். அதற்கு முன் அவர் அதை ஒரே ஒரு தரம் தொட்டிருந்தார். ஒரு நிமிடத்தில் தூணில் மோதிவிட்டு, பேட்டரி சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போனவர். இன்று அந்த ஒரு நிமிடமும் ஆகவில்லை. தொட்டியின் வாய்க்குள் இறங்கிய ஹெலிகாப்டர் சுவர்ப்பக்கம் சாய்ந்தது. அவர் பதறிப்போய் இன்னும் வேகம் கொடுத்தார். கீழே சேற்றில் சொத்தென்று ஒரு சத்தம்.

நல்லவேளை, பற்றிக்கொள்ளவில்லை. அதைப் பற்றி அவருக்கு யோசனையும் இல்லை.

"ராஜா, எறங்கி எடுத்துட்டு வா. ரெண்டு நிமிஷம். அந்தம்மா டீய முடிக்கறதுக்குள்ள."

இருதயராஜ் சட்டையைக் கழற்றத் தொடங்கினார். யாரும் இறங்கக் கூடாது என்று வாங்கின சாமானை எடுக்க ஒருவரை இறங்கச் சொல்கிறோம் என்பது, சொன்னவர் முகத்தில் கொஞ்சமும் தெரியவில்லை. ரெனிட்டா அந்த முகத்தையே பார்த்தாள். திட்டக்கூடத் தோன்றவில்லை. தொட்டிக்குள் சாய்த்திருந்த அலுமினிய ஏணியை இரண்டு கையாலும் இழுத்து மேலே எடுத்தாள். அது சிமெண்டுத் தரையில் படாரென்று விழுந்தது. அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"எழுந்திரிம்மா."

"மாட்டேன் சார்."

"வேலை போய்டும்."

"போவட்டும்."

"வுடுங்கம்மா, மூச்சப் புடிச்சிகினு போய்ட்டு வந்துடறேன்" என்றார் இருதயராஜ்.

"எல்லம்மாக்கா கட்டிங் செக்ஷன்லதான இருக்காங்க? அவங்ககிட்ட சொல்லிட்டு வாங்கண்ணா. அவங்க செரின்னு சொன்னா ஏணி தர்றேன்."

மனைவி பேரைக் கேட்டதும் அவர் கை சட்டைப் பித்தானிலேயே நின்றுவிட்டது.

ஏணி விழுந்த சத்தம் கேட்டு டோரதி வந்துவிட்டார். "ஒண்ணுமில்ல மேடம், சின்ன டெமோ" என்றார் இன்பசேகரன். ரெனிட்டா எழுந்திருக்காமலே நாலு வாக்கியத்தில் நடந்ததைச் சொன்னாள். டோரதி பைக்குள்ளிருந்து தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய மீட்டரை எடுத்து, ஒரு கயிற்றில் கட்டித் தொட்டிக்குள் விட்டார். பாதி ஆழம் போவதற்குள் அது வீல் வீலென்று கத்த ஆரம்பித்தது. மேலே இழுத்து, இருதயராஜிடம் நீட்டினார்.

"இது எவ்வளவு காட்ட முடியுமோ அதையும் தாண்டிப் போயிடுச்சு. கீழே குனிஞ்சு நாலு மூச்சு விட்டிருந்தீங்கன்னா அங்கேயே விழுந்திருப்பீங்க."

இருதயராஜ் மீட்டரில் தெரிந்த எண்ணை வெகுநேரம் பார்த்தார். பிறகு கழற்றின பித்தானை மாட்டாமலே சுவரோரமாகப் போய்க் குந்திக்கொண்டார்.

மீட்டரும் ப்ளோயரும் வருகிறவரை தொட்டியை மூடிவைக்கும்படி டோரதி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த அறிக்கையில் ரெனிட்டாவின் பெயரும் இருந்ததால் அவள் வேலை தப்பியது. பதினோரு நாளில் சாமான்கள் வந்தன. இன்பசேகரன் அவற்றுக்கு மாலை போட்டு, தொழிலாளர் பாதுகாப்புக்காகத் தான் முன்னின்று செய்த ஏற்பாடு என்று மைக்கில் பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள். ரெனிட்டா தட்டவில்லை, ஆறு பேருக்கு மீட்டர் பார்க்கச் சொல்லிக் கொடுத்தாள்.

அடுத்த மாதம் ஒரு காலையில் தொட்டிக்குள் இருந்த பம்ப் அடைத்துக்கொண்டது. ப்ளோயர் அப்போதுதான் ஓட ஆரம்பித்திருந்தது. மேனேஜர் கைக்கடிகாரத்தைக் காட்டிக் கத்தினார்.

"இன்னும் எவ்ளோ நேரம்யா வேடிக்கை பாப்பே? எறங்கு!"

இருதயராஜ் இன்னும் கத்திக்கொண்டிருந்த மீட்டரைப் பார்த்தார். பிறகு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அவசரம்னா நீங்க எறங்குங்க சார். நான் ஏணிய புடிச்சிக்கறேன்."

இன்பசேகரன் ஆபீசுக்குப் போய்விட்டார். ப்ளோயர் முக்கால் மணி நேரம் ஓடியது. மீட்டர் அடங்கிய பிறகு ரெனிட்டா இருதயராஜின் இடுப்புக் கயிற்றின் முடிச்சை ஒருதரம் இழுத்துப் பார்த்துவிட்டு, இறங்கலாம் என்று தலையசைத்தாள்.