பச்சைத் தகரம்

பெரம்பூர் ரயில் பட்டறையின் சங்கு ஊதுவதற்கு முன்பே ராயபுரத்து மோட்டார் கொட்டகையில் கரி அடுப்புகள் கனன்றுவிடும். பஸ் கம்பெனியின் மட்கார்டுகள் மரச்சட்டங்களின் மேல் வரிசையாகக் கவிழ்ந்து கிடந்தன. கம்பெனி புதிதாக வாங்கிய அகலமான டயர்கள் அவற்றின் உள்விளிம்பில் உரசிக் கிழிந்துகொண்டிருந்தன. அந்த விளிம்பை உள்பக்கமாக மடித்துப் படியவைக்க வேண்டும். ரஹீம் தணல் சட்டியை விளிம்புக்கு அடியில் பிடித்துச் சூடேற்றினான். அப்பாவு நீண்ட கம்பியின் முனையிலிருந்த உருளையைத் தகரத்தில் பதித்து, அடிவயிறு இழுத்துப் பிடிக்க அழுத்தி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தள்ளினான். ஒரே மூச்சில் மடித்தால் தகரம் வெடித்துவிடும். ஒரு தள்ளு, ஒரு தடவல், மறுபடி ஒரு தள்ளு என்று உள்ளங்கை சொல்கிறபடிதான் மடிக்க முடியும்.

மடிக்கும்போது பழைய பெயிண்ட் பொருக்குப் பொருக்காக உதிரும். மிச்சத்தைச் சுரண்டிவிட்டால் வெள்ளையாகத் தெரிவதுதான் பச்சைத் தகரம். பச்சைப் பிள்ளை மாதிரி, காற்றுப் பட்டாலே அதற்குச் சீக்கு வந்துவிடும். அங்கம்மாவின் வேலை அங்கே தொடங்கும். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, ஆளிவிதை எண்ணெய் பூசி அதை மூட வேண்டும். மறுநாள் பெயிண்டர் தாமஸ் எண்ணெயை வழித்துவிட்டுச் சிவப்பு ஈயப் பூச்சு அடிப்பார்.

கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தது. பச்சைத் தகரம் இருட்டைப் பார்க்கக் கூடாது என்பது அந்தக் கொட்டகையில் எழுதாத சட்டம். வேர்த்த கை பட்ட இடம் விடிவதற்குள் ரேகையோடு துருவேறிவிடும் என்பதால், அங்கம்மா கையில் துணி சுற்றாமல் அதைத் தொடவே மாட்டாள்.

முதலாளி தண்டபாணிக்கு இது தெரியாததல்ல. ஆனால் உலகமெல்லாம் வியாபாரம் மந்தம் என்று ஒரு சொல் அவர் கையில் கிடைத்திருந்தது. அதைச் சொல்லித்தான் கூலியைக் குறைத்தார். அதைச் சொல்லியே அங்கம்மாவோடு எண்ணெய் பூசிய ராஜாத்தியை வீட்டுக்கு அனுப்பினார். நேற்று எண்ணெய் டின்னையும் தம் அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். மறுநாள் பெயிண்ட் அடிக்கத்தானே போகிறோம், ஒரு ராத்திரிக்கு எதற்கு எண்ணெய் என்று கேட்டார். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்கிறவரிடம் எந்த நியாயத்தைப் பேசுவது?

நேற்றுச் சாயங்காலம் அங்கம்மா மேஸ்திரி வெள்ளத்துரையிடம் கெஞ்சிப் பார்த்தாள்.

"ஒரு கிண்ணமாச்சும் குடு மேஸ்திரி. காத்து பேஜாரா அடிக்குது."

"சாவி என்னாண்ட இல்ல. போய் வூட்டப் பாரு."

இன்றைக்குப் புது வரிசையை மடித்துக்கொண்டிருந்தபோது, தாமஸ் நேற்றைய மட்கார்டுகள் மேல் கிடந்த சாக்கை விலக்கினார். விலக்கியவர் அங்கம்மாவைக் கையசைத்து அழைத்தார். அங்கம்மா ஓடிவந்து பார்த்தாள். மடித்த விளிம்பெல்லாம் பழுப்பு பூத்திருந்தது. அந்தப் பழுப்புக்கு நடுவே, இன்னும் கருஞ்சிவப்பாக, ஒரு கை பதிந்திருந்தது. அடுத்ததிலும் அதே கை. நாலு விரல் முழுசாக இருக்க, நடுவிரல் மட்டும் பாதியில் நின்றது.

அப்பாவுவின் அந்தப் பாதி விரலை அறியாதவர் கொட்டகையில் யாருமில்லை. போன வருஷம் தகடு வளைக்கும் மிஷினின் பல்லுக்குள் போனது அதன் மறுபாதி. மிஷினுக்கு ஒரு மூடி போடுங்கள் என்று அன்றிலிருந்து கேட்கிறார்கள். மூடி இன்னும் வந்தபாடில்லை.

அப்பாவு அங்கம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். அவர்கள் குடியிருந்த பேசின் பிரிட்ஜ் லைன் வீடு முதலாளியுடையது. வேலை போனால் அன்றைக்கே வீடும் போகும். அண்ணி சொக்கம்மாள் அங்கே நிறைமாசமாகப் படுத்திருந்தாள். அங்கம்மா உப்புத்தாளை எடுத்து முதல் கையைத் தேய்க்க ஆரம்பித்தாள். பாதி தேய்ப்பதற்குள் வாசலில் முதலாளியின் கார் நின்றது.

தண்டபாணி மட்கார்டுகளைச் சுற்றி வந்தார். அவர் குரலை உயர்த்தவில்லை.

"மத்தியானம் கம்பெனி மானேஜர் வராரு. அவருக்கு நான் இதத்தான் காட்டணுமா? யார் கை இது?"

அவர் கண் ஒவ்வொருவர் கையாகப் போனது.

"எல்லாரும் வரிசையா வந்து கையக் காட்டுங்கடா."

அப்பாவு உருளையைக் கீழே வைத்துவிட்டுத் தானே முன்னால் வந்தான்.

"என் கைதான் மொதலாளி."

"பச்சைத் தகரத்துல கைய வச்சா துருப்புடிக்கும்னு தெரியாது உனக்கு?"

"தெரியும். தடவாம எப்டி மடிக்கிறது? எங்க தூக்கிகினு கீதுன்னு கை சொன்னாத்தானே தெரியும்."

"துணியப் போட்டுத் தடவுறது."

"துணி போட்டா மேடு பள்ளம் தெரியாது. வெடிச்சிரும். வெடிச்சாலும் என்னத்தான கேப்பீங்க?"

"வாய் வேறயா? இனிமே உனக்கு இங்க வேலை இல்ல. பொழுது சாயறதுக்குள்ள வீட்டையும் காலி பண்ணு. வாசல்ல வேலை கேட்டு எத்தன பேர் நிக்கிறான் பாத்தியா?"

ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. விரலைப் பறிகொடுத்தவனே வேலையையும் பறிகொடுக்க வேண்டியிருந்தது. அப்பாவு எல்லார் முகத்தையும் பார்த்தான். ரஹீம் தணல் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். பேசினால் தன் வேலையும் போய்விடும் என்று அங்கம்மாவுக்குத் தெரியும். பேசாமல் இருந்தால், ராத்திரி தெருவில் கிடக்கப்போகும் அண்ணியின் முகத்தை எப்படிப் பார்ப்பது? பயத்தை மீறி அவளுக்குக் கோபம் வந்தது.

"கைய வச்சது அண்ணன் மொதலாளி. மூடாம வுட்டது நானு. மூடறதுக்கு எண்ண குடுக்காதது யாரு?"

தண்டபாணி திரும்பிப் பார்த்தார். "நீயும் அவங்கூடப் போறியா?"

அங்கம்மா வலது கையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள். விடிகாலையிலிருந்து மடித்துச் சுரண்டிய புது மட்கார்டுகள் பளபளவென்று பக்கத்திலேயே கிடந்தன. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவள் வெறுங்கையைப் பச்சைத் தகரத்தில் வைத்தாள். தகரம் சில்லென்றிருந்தது. வேர்த்திருந்த உள்ளங்கையை அழுத்திப் பதித்துவிட்டு எடுத்தாள். பார்வைக்கு ஒன்றும் தெரியவில்லை.

"காலைல வந்து பாருங்க. அங்கம்மா கை தெரியும்."

"ஏய், தொடாத."

அதற்குள் ரஹீம் தணல் சட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்தான். "நம்ம கையும் ஒண்ணு இருக்கட்டும்" என்று அதன் பக்கத்திலேயே வைத்தான். அதிர்ந்து பேசி யாரும் கேட்டிராத தாமஸ், கையிலிருந்த பெயிண்டைச் சட்டையில் நன்றாகத் துடைத்தார்.

"பெயிண்ட் கையி துரு புடிக்காதே" என்று சொல்லிவிட்டு அவரும் வைத்தார். பிறகு யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. சுத்தியல்காரர்கள், கரி சுமக்கிறவர்கள், அடுப்பு ஊதுகிறவர்கள் என்று ஒவ்வொருவராக வந்து ஒவ்வொரு மட்கார்டிலும் கை வைத்தார்கள். கடைசியாக அப்பாவு தன் குறைக்கையை வைத்தான்.

"இப்ப எந்தக் கைய வெளிய அனுப்பறீங்க மொதலாளி?" என்று கேட்டான்.

தண்டபாணி இடுப்பிலிருந்து சாவியை உருவி மேஸ்திரியிடம் வீசினார். "எண்ணெய எடு. சீக்கிரம். எல்லாத்தயும் தொடைக்கச் சொல்லு."

நேற்று ஒரு கிண்ணம் கிடைக்காத எண்ணெய் இன்றைக்கு டின்னோடு வந்தது. வெள்ளத்துரை அதை அங்கம்மாவின் காலடியில் வைத்தான்.

"பூசு அங்கம்மா."

"பூசறோம் மேஸ்திரி. அண்ணனுக்கு வேலையும் கீது, வூடும் கீதுன்னு மொதலாளி வாயால சொல்லட்டும். ராஜாத்தி திரும்பி வரட்டும். மிசினுக்கு மூடி போடட்டும். அப்பால பூசறோம்."

அவள் வாசலை நோக்கி நடந்தாள். மற்றவர்களும் நடந்தார்கள். பின்னால் முதலாளியின் குரல் கேட்டது. "வாசல்ல இருக்கவன்லாம் உள்ள வாங்கடா. வேலை இருக்கு."

வேலை கேட்டு நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்னால் நின்ற சின்னப்பையன் என்பவன் புளியந்தோப்புக்காரன், பல நாளாக அந்த வாசலுக்கு வந்து போகிறவன். அவன் ஒரு காலை உள்ளே வைத்தான். எதிரே வந்த அப்பாவுவின் கையைப் பார்த்தான்.

"இன்னா நைனா ஆச்சு வெரலுக்கு?"

"உள்ள கீற மிசினு துன்னுடுச்சு."

"இப்ப மூடி போட்டாங்களா?"

"இல்ல."

சின்னப்பையன் வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். பிறகு வேட்டியை மடித்துக்கொண்டு ரஹீமுக்குப் பக்கத்தில் புழுதியில் உட்கார்ந்தான். அவனோடு வந்தவர்களும் உட்கார்ந்தார்கள்.

இனி என்ன ஆகும் என்று அங்கம்மாவுக்குத் தெரியாது. போலீஸ் வரலாம். பொழுது சாய்ந்தால் லைன் வீட்டுக்குப் பூட்டோடு ஆள் வரலாம். வந்தால் இத்தனை பேரும் அங்கே போய் உட்கார்வது என்று மட்டும் பேசிக்கொண்டார்கள். துணி சுற்றாத கை அவளுக்குப் புதுசாக இருந்தது. அதை அண்ணனின் கைமேல் வைத்துக்கொண்டாள்.

உள்ளே எண்ணெய் டின் திறந்தபடி இருந்தது. அதற்குப் பக்கத்தில் முதலாளி துணியும் கையுமாக நின்றார், எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல். கடல் காற்று அவரைத் தாண்டிப் போய்ப் பச்சைத் தகரத்தின் மேல் தன் வேலையைத் தொடங்கியிருந்தது. அதற்கு யாரும் கூலி குறைக்க முடியாது.