குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றவன்

1

இந்தக் கதை ஒரு முதுகுவலியிலிருந்து வந்தது. வலி மாலக்கியுடையது. பாலராட்டில் எங்கள் கல்குவாரியில் அவன் குனிந்தால் நிமிர ஒருவர் கை கொடுக்க வேண்டும். கொடுத்தவன் நான், கதை கையோடு ஒட்டிக்கொண்டது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘அயர்லாந்தின் விடுதலைக்காக நாடுகடத்தப்பட்ட மாவீரர் டெவரோ, ஆஸ்திரேலிய மண்ணில்...’ அடித்துவிட்டேன். தேர்தல் நோட்டீஸ் மாதிரி இருந்தது. நோட்டீஸை நான் நம்புவதில்லை.

2

இருவரும் ஒரே கலகத்தில் பிடிபட்டு, ஒரே கப்பலில் வான் டீமன் என்ற கைதித் தீவுக்கு வந்தவர்கள். டெவரோ வசதியான வீட்டுப் பிள்ளை. ஓடமாட்டேன் என்று மாஜிஸ்திரேட்டிடம் வாக்குக் கொடுத்துவிட்டுத் தனி வீட்டில் இருந்தான். மாலக்கியிடம் யாரும் வாக்குக் கேட்கவில்லை. பண்ணை வேலைக்கு அனுப்பினார்கள். (கூலிக்காரன் வாக்கு அங்கே செல்லாக்காசு.)

வாக்குக் கொடுத்தவன் தப்புவதற்கு எங்கள் ஐரிஷ் ஆட்களிடம் ஒரு முறை உண்டு. நேரே போய், ‘என் வாக்கைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன், முடிந்தால் பிடி’ என்று சொல்லிவிட்டுத்தான் குதிரையேற வேண்டும். சொல்லாமல் ஓடியவன் வீட்டில் எவனும் தண்ணீர் குடிக்கமாட்டான்.

டெவரோ மாஜிஸ்திரேட் ஆபீஸுக்குள் போனான். மாலக்கி வெளியே குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றான். டெவரோ வந்தான், ஏறினான், பறந்தான். மாலக்கி அகப்பட்டான். இரண்டு வருடம் விலங்கோடு கல் உடைத்தான்.

3

பிறகு அரசாங்கம் எல்லோரையும் மன்னித்துவிட்டது. இப்போது டெவரோ பாலராட்டில் பீர் ஆலை முதலாளி, சட்டசபை வேட்பாளர். சொல்லாமல் ஓடியவன் என்று எதிர்க்கட்சி கிளப்பிவிட்டதும், ஒனோராவின் மதுக்கடைக்கு மாலக்கியைத் தேடி வந்தான்.

“நாளைக்கு மேடையேறி ஒரு வார்த்தை சொல்லுப்பா. நீதானே சாட்சி?”

“நான் பாத்தது குதிரை மூஞ்சியத்தான். உள்ள நடந்தது உங்களுக்குத்தான் தெரியும்.”

“என்னையே சந்தேகப்படுறியா?”

“முன்வாசல்ல போனவரு பின்சந்துலேர்ந்து ஏன் வந்தீங்க?”

ஒனோரா குவளையைத் துடைத்தபடி, “கேக்கறான்ல, சொல்லுங்க தொரை! தொண்டை காஞ்சிருச்சுன்னா ஊத்தறேன். உங்க சரக்குதான். நான் தண்ணி கலக்கல, நீங்க கலந்ததோட சரி.”

டெவரோ சிரித்தான். “முன்னாடி போலீஸ் நின்னுச்சுப்பா. எத்தனையோ வருஷமாச்சு, மறந்திருப்ப.”

“முன்னாடி நின்னவன் நானு. என் முதுகு எதையும் மறக்கலீங்க.”

[கடைசி வரியை அவன் சொன்னானா, நான் கொடுத்தேனா? எனக்கே சந்தேகம். துப்பிவிட்டுச் சும்மா இருந்திருப்பான்.]

4

முடிவு ஒன்று: ‘சொல்லிவிட்டுத்தான் போனார்’ என்கிறான் மாலக்கி. டெவரோ ஜெயிக்கிறான். உடைத்த கல்லுக்கும் ஒரு மானம் கிடைக்கிறது.

முடிவு இரண்டு: ‘தெரியாது’ என்கிறான். எதிர்த்து நிற்கும் இங்கிலீஷ்காரன் ஜெயிக்கிறான். மாலக்கிக்குக் காட்டிக்கொடுத்தவன் என்று பெயர். எங்களிடையே அந்தப் பெயரோடு செத்தால் பெட்டி தூக்கவும் ஆள் வராது.

மூன்றாவதில் மாஜிஸ்திரேட்டையே கூட்டிவந்து உண்மையைச் சொல்லவைத்தேன். கிழித்துவிட்டேன். அந்த இங்கிலீஷ் அரசாங்க ஆள் சொன்னால் எங்களில் யார் நம்புவது?

ஆகவே மாலக்கியை மேடைப் படியில் நிறுத்துகிறேன். பாதியில் முதுகு பிடித்துக்கொண்டது. மேலிருந்து டெவரோ கை நீட்டுகிறான். அதைப் பிடித்து ஏறுவானா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எப்படி எழுதினாலும் கணக்கு மாறாது: டெவரோ மாலக்கிக்கு இரண்டு வருடம் பாக்கி.