சட்டத்தில் அடித்த பெல்ட்

எம்பிராய்டரிக்காரியின் மேசையில் துணி குப்புறக் கிடந்தது. முன்பக்கத்து வேலை முடிந்துவிட்டது: சாயம் தோய்த்த காடாத் துணியில் செப்புக் கம்பி, கண்ணாடிச் சில்லு, சேலைக் கிழிசல், குறுக்கே நீளமாக ஒரு தோல் பெல்ட். தோலில் துளை போட்டு மெழுகு நூலால் தைத்ததில் விரலெல்லாம் கன்றிப்போயிருந்தது. கண்ணாடி நொறுங்காமலிருக்க அடியில் கம்பளி விரித்து, துணியை மரச்சட்டத்தின்மேல் இழுத்து மடித்து, மரத்தில் முள் இறக்கும் கனத்த ஸ்டேப்ளரால் அடித்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் கண்காட்சிக்கு எடுத்துப்போக வண்டி வரும்.

தம்பி கதவைத் தட்டாமலே நுழைந்தான்.

"அப்பா பெல்ட் எங்கக்கா? பீரோல காணோம்."

"இதுலதான் இருக்கு."

சட்டத்தைத் தூக்கிப் பார்த்தான். முகம் கறுத்துவிட்டது.

"அவர் செத்து வருஷம்கூடத் திரும்பல. அதுக்குள்ள ஓட்டை போட்டுட்டியா?"

"அதுல அடிவாங்குனவ நான்."

"எந்த அப்பன் அடிக்கல? ஊரைக் கூட்டிக் காட்டணுமா?"

"உன்னை அடிக்கலையே. தலையில தூக்கி வச்சுல்ல ஆடினாரு."

பெல்ட்டைப் பிடித்து இழுத்தான். நூல் படபடவென்று அறுந்தது. அவள் அவன் சட்டையைப் பிடித்தாள். புறங்கையால் வாயில் ஒன்று விட்டான். உதடு கிழிந்தது. முடியைப் பற்றி மேசை விளிம்பில் மோதினான். அவளுக்குக் கண் இருண்டது. அடுத்து அவன் இடுப்பிலிருந்து பெல்ட் உருவும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் அவள் எலும்புக்கே தெரியும். பக்கிள் தோளில் விழுந்தது. மறுபடி முதுகில்.

பிறகு தன் பெல்ட்டை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, வலக்கையால் சட்டத்தைப் பற்றினான். அவள் ஸ்டேப்ளரை அந்தக் கையின்மேல் வைத்து ஒரே அமுக்காக அமுக்கினாள். கை மரத்தோடு சேர்ந்துகொண்டது.

வீடே அலறியது.

"ஆட்டாத, கிழியும்," என்றாள். குறடால் முள்ளைப் பிடுங்கி எடுத்தாள். "இன்னொரு தடவை கை ஓங்கினா கண்ணுல அடிப்பேன்."

"இனிமே நீ எனக்கு அக்காவே இல்ல," என்று சொல்லிவிட்டு, சட்டை முனையில் கையைச் சுற்றிக்கொண்டு போனான்.

அவள் உதட்டைத் துடைத்துக்கொண்டாள். வளைந்த ஊசியால் பெல்ட்டை மறுபடி தைத்தாள். துணியில் தெறித்திருந்த ரத்தத்தைப் பச்சைத் தண்ணீரில் ஒற்றினாள். கறை முழுதாகப் போகவில்லை. மூலைகளை மடித்து அடித்து முடித்தபோது வண்டி வந்துவிட்டது.

"முகத்துல என்னங்க?" என்றார் வண்டிக்காரர்.

"தம்பி வந்திருந்தான்."

ஒரு வாரம் கழித்து, கண்காட்சிக்குத் தம்பி மனைவி மட்டும் தனியாக வந்தாள். பெல்ட்டையும் துணியிலிருந்த ரத்தக் கறையையும் பார்த்தபடி வெகுநேரம் நின்றாள்.

"அவர் கையில ஆணி குத்திருச்சுன்னாரு. நீங்கதானா அண்ணி?"

"ஆமா."

"அந்தக் கையாலதான் எனக்கும் விழும். கட்டுப் போட்டதிலேருந்து ஓங்க முடியல. நிம்மதியாத் தூங்குறேன். நாளைக்குக் கட்டுப் பிரிக்கிறாங்க."

எம்பிராய்டரிக்காரி அவள் கையைப் பற்றினாள். "துணிமணி எடுத்துக்கிட்டு எங்கூட வந்துடு."

"வாசல்ல வண்டியிலதான் இருக்கு," என்றாள் அவள்.