வலது மேலே, இடது கீழே

செப்டம்பரில் பால் பண்ணைக்காரனுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது. மாடுகள் வரிசையாகக் கன்று போடும் காலம். மூன்று வாரமாக ரோவன் பாஸ்கோ ஒரே மூச்சில் நாலு மணி நேரம் தூங்கியதில்லை. அன்றைக்கும் இருட்டோடு எழுந்து நூற்றெண்பது மாடு கறந்து, வர அடம்பிடித்த ஒரு கன்றைக் காலைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டு, சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு மைதானத்துக்கு வந்திருந்தான். வராமல் இருந்திருக்கலாம். ஆனால் டாரம் க்ரீக்கில் ரிமோட்டால் பறக்கும் குட்டி விமானங்களின் கழகத்தில் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கச் சான்றிதழ் வைத்திருப்பவன் அவன் ஒருவன்தான். அதனால் இருபது வருஷமாக, வராமல் இருந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டே வந்துகொண்டிருக்கிறான்.

மைதானம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மேய்ச்சல் நிலத்தின் ஒரு மூலையில் புல்லை ஒட்ட வெட்டிய ஓடுபாதை, ஒரு தகரக் கொட்டகை, காற்றின் திசை காட்டும் துணிக்குழாய். உறுப்பினர் பன்னிரண்டு பேர், அதில் ஒன்பது பேருக்கு முழங்கால் சரியில்லை.

"வாடா, நடைப்பிணம்," என்றார் கிளைவ் ஸ்டோபி. எழுபத்து நாலு வயது, கழகத்தின் பொருளாளர், வாய்க்குப் பூட்டே கிடையாது. அடுப்பில் சாசேஜைப் புரட்டிக்கொண்டிருந்தார். "மாடு உன்னைக் கறந்துச்சா, நீ மாட்டைக் கறந்தியா?"

"ரெண்டும்தான்," என்றான் ரோவன். "நொலீன் வந்தாச்சா?"

"ஏழு மணிக்கே வந்தாச்சு. பொண்ணு பாக்க வர்றவங்களுக்குக் காத்திருக்கிற மாதிரி உக்காந்திருக்கா பாரு."

நொலீன் ஃபிட்ச் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். அறுபத்து மூன்று வயது. ரோவனின் இரண்டு பிள்ளைகளையும் பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கு ஏற்றிப்போய் இறக்கிவிட்டவள் அவள்தான். ஒன்றரை வருஷத்துக்கு முன் கழகத்தில் சேர்ந்து, பழைய நுரைப்பலகை விமானம் ஒன்றில் கற்றுக்கொண்டிருந்தாள். இன்று அவள் மடியருகே இருந்தது வேறு விமானம். பால்சா என்ற லேசான மரத்தில் விலா விலாவாக அவளே வெட்டி ஒட்டி, இறக்கைக்கு மஞ்சள் துணி போர்த்தியது. பதினாலு மாதம் பிடித்தது. விரல் மூட்டுகளில் வாதம். கடைசி நாலு மாதம் கத்தியைப் பிடிக்கவே வலது கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டாளாம். மருத்துவர் சொல்லிவிட்டார், இந்தக் கையோடு இனி நுணுக்க வேலை வேண்டாம் என்று. "பஸ் ஸ்டியரிங் பிடிக்கும், ரிமோட் பிடிக்கும். இன்னொண்ணு செய்ய மட்டும் இது விடாது," என்று போன வாரமே ரோவனிடம் சொல்லியிருந்தாள். அழுதுகொண்டெல்லாம் சொல்லவில்லை, பேருந்து தாமதம் என்பதுபோலச் சொன்னாள்.

எந்தப் புது விமானமானாலும் முதல் பறப்பைப் பயிற்சியாளர்தான் ஓட்ட வேண்டும், சொந்தக்காரர் வாலைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அது கழகத்தின் வழக்கம். அதற்கு முன் சோதனை. விமானத்துக்குப் பின்னால் நின்று, ரிமோட்டின் ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் வலது இறக்கையின் பின்விளிம்பில் அசையும் மடல் மேலே போக வேண்டும், இடது மடல் கீழே இறங்க வேண்டும். ஒருவர் அசைக்க, மற்றவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். புதியவர்கள் எல்லோரும் செய்யும் முட்டாள்தனம், மடல் அசைகிறதா என்று பார்ப்பது. எங்கே அசைகிறது என்று பார்க்க மாட்டார்கள். இந்த ஒன்றை ரோவன் இருபது வருஷமாகத் தொண்டை கிழியச் சொல்லியிருக்கிறான். கொட்டகைச் சுவரில் அவன் கையெழுத்திலேயே எழுதி ஒட்டியும் இருக்கிறான்.

வந்ததும் புது விமானத்தின் சோதனையை ஒழுங்காகத்தான் செய்தார்கள். அவன் அசைத்தான், அவள் சொன்னாள்.

"வலது மேல, இடது கீழ."

"இந்தப் பக்கம்?"

"இடது மேல, வலது கீழ. வால் சரி. சுக்கான் சரி."

"நல்லா இருக்கு நொலீன். கைத்திறன்தான்," என்றான். அவனுக்குப் பாராட்டு அடிக்கடி வராது. அவள் முகம் சிவந்துவிட்டது.

காற்றுதான் ஒரு நிலையில் இல்லை. "முதல்ல பழசை விட்டுப் பாப்போம்," என்றான். இரண்டு விமானத்துக்கும் ஒரே ரிமோட். ஒவ்வொன்றின் அமைப்புகளையும் அது தனித்தனிப் பெயரில் நினைவு வைத்திருக்கும். எதைப் பறக்கவிடுகிறோமோ அதன் பெயரைத் திரையில் தேர்ந்தெடுக்க வேண்டும். ரோவனே பழைய விமானத்தின் பெயருக்கு மாற்றி அவள் கையில் கொடுத்தான்.

அவள் நன்றாகத்தான் ஓட்டினாள், விமானம் விலகிப் போகும் வரை. திரும்பி நம்மை நோக்கி வரும்போதுதான் வில்லங்கம். அப்போது அதன் வலது நமக்கு இடது. கற்றுக்கொள்கிற எல்லோரும் தடுக்கி விழும் பள்ளம் அது. நொலீன் மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே விழுந்தாள்.

"இடது! இடதுன்னு சொன்னேன்!" ரோவன் கத்தினான். "அது உங்க இடது இல்ல நொலீன், அதோட இடது! எத்தனை தடவை சொல்றது? வலது எது இடது எதுன்னு தெரியாமதான் முப்பது வருஷமா பஸ் ஓட்டினீங்களா?"

அடுப்படியில் யாரோ சிரித்தார்கள். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு விமானத்தை நேராக்கி, துள்ளித் துள்ளி எப்படியோ இறக்கிவிட்டாள். கத்தியதற்கு ரோவனுக்கே கொஞ்சம் கூசியது. தூக்கமில்லாதவன் வாயில் நல்ல வார்த்தை எங்கிருந்து வரும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். தூங்கிய நாட்களிலும் அவன் இப்படித்தான் கத்துவான் என்பது வேறு விஷயம்.

ரொட்டியில் சாசேஜும் வதக்கிய வெங்காயமும் வைத்துக் கிளைவ் நீட்டினார். ஒரு வாய்தான் கடித்திருப்பான், போன் அடித்தது. மனைவி ஜனீன்.

"நாப்பத்தேழாம் நம்பர் படுத்துட்டா. எழுப்பிப் பாத்தேன், எழுந்திருக்க மாட்டேங்கிறா. கால்சியம் எங்க வச்சே?"

"வண்டியிலதான் இருக்கு, என்கிட்ட. கால் மணி நேரத்துல வர்றேன்."

"கால் மணின்னா உன் கால் மணியா, ஊர்க் கால் மணியா?"

"வர்றேன்னு சொல்றேன்ல, ஜனீன்."

போனை வைத்தான். கன்று போட்டுக் கால்சியம் குறைந்து விழும் மாட்டுக்குச் சீக்கிரம் ஊசி போட்டாக வேண்டும், அப்போதே கிளம்பியிருக்கலாம். நொலீனைப் பார்த்தான். அவள் மஞ்சள் விமானத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு எழுந்து நின்றுவிட்டாள்.

"அடுத்த வாரம் வச்சுக்கலாமா, ரோவன்? உனக்கு வேலை இருக்கே."

அடுத்த வாரமும் கன்று போடும், அதற்கு அடுத்த வாரமும் போடும். "இல்ல, வாங்க. ஒரு சுத்து விட்டுட்டுப் போயிடறேன்," என்றான்.

அவள் ஓடுபாதையில் விமானத்தை வைத்து, பின்னால் மண்டியிட்டு வாலைப் பிடித்துக்கொண்டாள். அவன் ரிமோட்டோடு நடந்து வந்தவன், வந்த வாக்கில் விமானத்தின் மூக்குக்கு முன்னாலேயே நின்றுவிட்டான். சுற்றிப் பின்னால் போக ஆறு எட்டு வைத்தால் போதும். அந்த ஆறு எட்டு வைக்கக் கால் வரவில்லை. ஸ்டிக்கை இப்படியும் அப்படியும் ஆட்டினான்.

"அசையுதா?"

"அசையுது," என்றாள். பிறகு, "ரோவன், இது..."

"அசையுதுல்ல? அப்புறம் என்ன. காத்து திரும்புறதுக்குள்ள விடுங்க," என்று ஓரமாக ஒதுங்கினான்.

அவள் விட்டாள்.

மஞ்சள் விமானம் அவனைத் தாண்டி ஓடி அழகாகத்தான் எழும்பியது. ஆளுயரம் போனதும் காற்று லேசாகத் தட்டி இடப்பக்கம் சாய்த்தது. ரோவனின் கட்டைவிரல் தானாக வலப்பக்கம் போயிற்று. விமானம் இன்னும் இடப்பக்கம் சாய்ந்தது. அவன் இன்னும் வலப்பக்கம் தள்ளினான். அந்த நொடியில் அவனுக்குத் தெரிந்துவிட்டது, ரிமோட்டில் பெயரைத் திருப்பி மாற்றவே இல்லை. பழைய விமானத்தில் இறக்கை மடலை அசைக்கும் மோட்டார் தலைகீழாகப் பொருத்தியிருந்தது. அதன் பெயரில் ரிமோட் வலதை இடதாக்கித்தான் அனுப்பும். ஸ்டிக்கை விட்டுவிட்டுச் சுக்கானால் திருப்பு என்று புத்தி சொன்னது. இருபது வருஷப் பழக்கம் புத்தியைக் கேட்குமா? விரல் கடைசி வரை வலப்பக்கமே அழுத்திக்கொண்டிருந்தது. விமானம் புரண்டு, மூக்குக் குத்தி, தரையில் விழுந்தது. முட்டைப்பெட்டியை மிதித்தாற்போல ஒரு சத்தம். அவ்வளவுதான்.

கிளைவ்தான் முதலில் வந்தார், ரோவன் கையிலிருந்த ரிமோட்டின் திரையை எட்டிப் பார்த்தார்.

"பழைய பேருலயே இருக்கு," என்றார். "அடடா. நொலீன் கண்ணு, பேரை மாத்தலையா நீ?"

நொலீன் எழுந்து முழங்காலில் ஒட்டிய புல்லைத் தட்டினாள். "ஐயோ, ஆமா. என் ரிமோட்தானே. நான்தான் கவனிச்சிருக்கணும்," என்றாள்.

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். புதியவர்கள் செய்கிற தப்புதான் இது, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பேசாமல் இருந்தால் போதும், விஷயம் அங்கேயே முடிந்துவிடும். ரோவன் பேசாமல்தான் இருந்தான். எத்தனை நேரம் என்று கேட்டால், அவள் உடைந்த இறக்கை வரை நடந்துபோய்க் குனியும் வரை. அதை நினைத்து அவன் பின்னால் பல நாள் வெட்கப்பட்டான்.

"அவங்க இல்ல," என்றான். "பேரை மாத்தினது நான். திருப்பி மாத்தாம விட்டதும் நான். செக் பண்ணாததும் நான்தான்."

"யானைக்கும் அடி சறுக்கும், விடுடா," என்றார் கிளைவ். "தூங்கி எத்தனை நாளாச்சு உனக்கு?"

ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணுகிறவனுக்கு அந்த ஆறுதல் ஒட்டவில்லை. மாட்டுத் தீவனக் கோணி ஒன்றை வண்டியிலிருந்து எடுத்துக்கொண்டு அவளிடம் போனான். இருவரும் குந்தி உட்கார்ந்து துண்டுகளைப் பொறுக்கினார்கள். விலாக்கள் நெருப்புக்குச்சிகளாகிக் கிடந்தன. எதையும் எதோடும் ஒட்ட முடியாது என்று பார்த்த உடனே தெரிந்தது.

"மன்னிச்சிடுங்க நொலீன். புதுசா வர்றவங்க பண்ற தப்பை நானே பண்ணிட்டேன். நான் முன்னாடி நின்னேன், எதுவும் பாக்கலை."

"நான் பாத்தேன்," என்றாள் நொலீன்.

அவன் நிமிர்ந்தான்.

"நீ ஸ்டிக்கை உன் வலப்பக்கம் தள்றது தெரிஞ்சுது. நீ என்னைப் பாத்து நிக்கிறே, அதனால எனக்கு அது இடப்பக்கமாத் தெரியும், ஆனா விமானத்துக்கு அது வலதுதான்னு மனசுக்குள்ள சொல்லிப் பாத்தேன். வலது மடல் கீழ போச்சு. தப்பாச்சேன்னு தோணிச்சு."

"அப்ப ஏன் சொல்லலை?"

அவள் கட்டுப் போட்ட கையால் ஒரு மஞ்சள் துணித்துண்டை எடுத்து, மண்ணை ஊதிவிட்டு, கோணியில் போட்டாள். கோபம் இல்லை அவள் முகத்தில். இருந்திருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"வலது இடதுன்னு வந்தா ஒன்றரை வருஷமா தப்பு என்னோடதாத்தானே இருந்திருக்கு? இதுலயும் நான்தான் குழம்புறேன்னு நினைச்சேன். நீ அவ்வளவு நிச்சயமா விடுங்கன்னு சொன்னே. என் கண்ணைவிட உன் வாயை நம்பினேன்."

ரோவனுக்கு மூன்று வாரத்து அசதி முழுக்க ஒரேயடியாகத் தோளில் வந்து உட்கார்ந்ததுபோல இருந்தது. பையில் போன் மறுபடி அடித்தது. அவன் எடுக்கவில்லை.

"இனிமே அப்படித் தோணினா விடாதீங்க," என்றான் கெஞ்சுகிறவனைப் போல. "நான் என்ன கத்தினாலும் சரி. வாலை விடாம, நீங்களும் திருப்பிக் கத்துங்க. அடுத்த விமானத்துல..."

நொலீன் கோணியின் வாயைச் சுருட்டிக் கட்டப் பார்த்தாள். விரல் மடங்கவில்லை. அவனிடமே நீட்டினாள்.

"அடுத்தது ஏது, ரோவன்?" என்றாள். "கட்டிக் குடு. அப்புறம் வீட்டுக்குப் போ, மாடு படுத்துக் கிடக்கு."